நிலக்கரியை விரட்டியது சரி, அணுமின்சாரத்தைப் பேசவே ஏன் பயப்படுகிறோம்?

உவர்மலை_வாசன்:

நம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் நிலக்கரி வேண்டாம் என்று ஊரே நின்றது, 2016 செப்டெம்பரில் அந்த 500 மெகாவாட் அனல்மின் திட்டம் கைவிடப்பட்டது. சரியான முடிவுதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் நாம் வேண்டாம் என்ற நிலக்கரி நாட்டை விட்டுப் போய்விடவில்லை. புத்தளம் பக்கத்து நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் 300 மெகாவாட் எந்திரங்கள் மூன்று ஓடுகின்றன, நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது, ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி கப்பலில் வந்து இறங்குகிறது. நம் வீட்டில் மின்விசிறி சுற்றும்போது கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் சாம்பல் தூசி விழுகிறது. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றினால் டீசலும் உலை எண்ணெயும் எரிகின்றன, அதற்கு டொலர் வேண்டும், டொலர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டில் எல்லோரும் பார்த்தோம்.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். அணு உலை என்ற பேச்சு எடுத்தாலே பிள்ளைகள் முதலில் கேட்பது ‘அது வெடிக்காதா சேர்’ என்றுதான். பெரியவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், இப்போது உலகத்தில் இருக்கிற மிகச் சுத்தமான மின்சாரங்களில் அணுமின்சாரமும் ஒன்று. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழு 2014 அறிக்கையில் ஒவ்வொரு மூலத்துக்கும் சுரங்கத்திலிருந்து கடைசியில் உடைத்து அகற்றுவது வரை கணக்குப் போட்டது. ஒரு கிலோவாட் மணிநேரத்துக்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வாயு, எரிவாயு 490, பெரிய சோலார் பண்ணை 48, அணு 12, தரையில் நிற்கும் காற்றாலை 11. அதாவது அணுவும் காற்றும் ஒரே தட்டில்.

அப்புறம் எரிபொருளின் அளவு. விரல் நுனி அளவு யுரேனியம் வில்லை ஒன்று ஏறக்குறைய ஒரு டன் நிலக்கரியின் வேலையைச் செய்கிறது. 1000 மெகாவாட் உலைக்கு ஆண்டு முழுவதற்கும் 25, 30 டன் போதும், அதே அளவு நிலக்கரி நிலையத்துக்கு 30 லட்சம் டன் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நுரைச்சோலைக் கடல் கொந்தளிப்பதால் அந்த மாதங்களில் நிலக்கரி இறக்க முடியாது, முன்கூட்டியே குவித்து வைக்க வேண்டும், குவியலிலிருந்து தூசி பறக்கும். அணு உலைக்கு ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை எரிபொருள் மாற்றினால் போதும்.

சோலார் வேண்டாம், காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டும் வேண்டும். இரவு ஏழரை மணிக்கு எல்லா வீட்டிலும் லைட்டும் டிவியும் எரியும்போது எதை ஓட்டுவது என்பதுதான் என் கேள்வி. ஆதரவோ எதிர்ப்போ, காரணத்தோடு எழுதுங்கள்.

—

நிலாவெளி_ஹோம்ஸ்டே:

செர்னோபில், புகுஷிமா. இரண்டு பெயரே போதும். சுற்றுலாவை நம்பி வாழ்கிற கரை இது, அணு உலை வரப்போகிறது என்று செய்தி வந்தாலே வெள்ளைக்காரர்கள் புக்கிங்கை ரத்துச் செய்துவிடுவார்கள்.

—

கொட்டியாரக்கரை:

வாசன் தம்பி, நீங்கள் கணக்கு எழுதுகிறீர்கள், எனக்கு வயிறு எரிகிறது. நாங்கள் மூதூர்ப் பக்கம் பரம்பரையாகக் கடலுக்குப் போகிறவர்கள். நிலக்கரி நிலையம் வருகிறது என்றபோது நாங்கள் பயந்தது புகைக்கு மட்டும் இல்லை, குடாவுக்குள் சுடுதண்ணீர் விடுவார்களே என்றுதான். அணு உலையும் கடல் தண்ணீரை இழுத்துச் சூடாக்கித்தானே திருப்பி விடும்? கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிற இடத்தில் இறால் குஞ்சு பொரிக்கிறது, சூடை மீன் வருகிறது, அதை வைத்துத்தான் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. கரியமில வாயு 12 கிராம் என்று சொல்லி எங்களைச் சமாதானப்படுத்த முடியாது.

அதோடு சுனாமி. 2004இல் எங்கள் கரையில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் கரையில் போய் உலையா?

—

உவர்மலை_வாசன்:

அண்ணை, சுடுதண்ணீர் விஷயம் உண்மை, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தம் இல்லை. நிலக்கரியோ அணுவோ, நீராவியில் சுழலும் எல்லா நிலையமும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி வெளியே தள்ளும். இந்தியாவில் கடலுக்கு விடுகிற தண்ணீர் சாதாரணக் கடல்நீரை விட 7 பாகைக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். திறந்த ஆழ்கடலில் அது சீக்கிரம் கலந்து ஆறிவிடும், மூடிய குடாவுக்குள் தேங்கும். சூட்டை விடவும் பெரிய சேதம், தண்ணீரை உள்ளே இழுக்கும்போது மீன் முட்டையும் குஞ்சும் சேர்ந்து போவதுதான். அதனால் கொட்டியாரக் குடாவுக்குள் எந்த அனல்மின் நிலையமும், அது அணுவாகவே இருந்தாலும், வரக்கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம்.

சுனாமிக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று அதே அலை தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் அடித்தது. அங்கே இருந்த இரண்டு உலைகளில் ஒன்று திருத்த வேலைக்காக ஏற்கெனவே நின்றிருந்தது, மற்றது ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் தண்ணீர் ஏறியது, உலையை நிறுத்தினார்கள், ஒரு கசிவும் இல்லை, சனவரி 2இல் மறுபடி ஓட்டினார்கள். ஊழியர் குடியிருப்பில் பலர் இறந்தது கடலால், கதிர்வீச்சால் இல்லை.

புகுஷிமாவில் 2011 மார்ச்சில் 14, 15 மீட்டர் அலை 10 மீட்டர் உயரத் தரையில் ஏறி அவசர டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. உலை நின்றுவிட்டது, ஆனால் நின்ற உலையிலும் மிச்ச வெப்பம் இருக்கும், அதை ஆற்றுகிற பம்புக்குக் கரண்ட் இல்லை, அதனால்தான் உருகியது. இதை எல்லோரும் பேசுகிறோம். பூகம்ப மையத்துக்கு இன்னும் கிட்ட இருந்த ஒனகாவா அணுமின் நிலையத்தை யாரும் பேசுவதில்லை. அதைக் கடல் மட்டத்திலிருந்து 14.8 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தார்கள், அலை 13 மீட்டரை ஒட்டி வந்தது, நிலையம் தப்பியது, வீடிழந்த முந்நூறுக்கு மேற்பட்ட ஊர்க்காரர்கள் அந்த நிலையத்தின் விளையாட்டு மண்டபத்தில்தான் மாதக்கணக்கில் தங்கினார்கள். ஒரே நாடு, ஒரே அலை, வித்தியாசம் எங்கே கட்டினார்கள், எவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்பதில்.

நிலாவெளிக்காரர் சொன்ன செர்னோபில் வேறு கதை. அந்த ரக உலையைச் சுற்றிக் கனமான கொங்கிரீட் கவசக் கட்டடமே இல்லை, தண்ணீர் ஆவியாகும்போது உலை தணிவதற்குப் பதிலாக இன்னும் வேகம் எடுக்கிற வடிவமைப்பு, அதோடு பாதுகாப்புக் கருவிகளை அணைத்துவிட்டுப் பரிசோதனை நடத்தினார்கள். இன்றைக்கு யாரும் அப்படி உலை கட்டி விற்பதில்லை.

இந்த விபத்துகளையும் சேர்த்துத்தான் ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ என்ற ஆய்வுத் தளம் கணக்கிட்டது. நூறு கோடி கிலோவாட் மணிநேரத்தை ஒரு டெராவாட் மணிநேரம் என்பார்கள். அந்த ஒன்றுக்கு நிலக்கரியால் இறப்பவர்கள் 25 பேரை ஒட்டி, பெரும்பாலும் காற்று மாசால். அணுமின்சாரத்துக்கு 0.03. இந்த இரண்டு எண்ணையும் நான் ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் நிலக்கரியால் இறப்பவர்களின் படம் எந்தப் பத்திரிகையின் முன்பக்கத்திலும் வருவதில்லை.

—

கிண்ணியா_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் அபுதாபியில் றுவைஸ் பக்கம் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தவன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பறக்கா அணுமின் நிலையம். 2012இல் கட்டத் தொடங்கினார்கள், முதல் உலை 2021இலும் நாலாவது 2024இலும் முழுதாக வேலைக்கு வந்தன. கொரியாக்காரர்கள் கட்டிக்கொடுத்தது, நாலும் சேர்த்து 5600 மெகாவாட். எமிரேட்ஸ் மின்சாரத்தில் நாலில் ஒன்று இப்போது அங்கிருந்துதான். எண்ணெய்க்கு மேலே உட்கார்ந்திருக்கிற நாடே, எண்ணெயை விற்றுவிட்டு வீட்டுக்கு அணுவில் கரண்ட் எடுக்கிறது.

வளைகுடாக் கடல் கோடையில் ஏற்கெனவே கொதிக்கும், நம் கடலை விடச் சூடு. அங்கேயே ஓட்டுகிறார்கள். அந்தக் கரையில் மீன் என்ன ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அதனால் கொட்டியாரக்கரை அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பயந்து யாரும் அந்தப் பக்கத்தை விட்டு ஓடியதை நான் பார்க்கவில்லை. நம் பையன்கள் எத்தனை பேர் இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் வேலை செய்கிறார்கள்.

—

கணக்கேடு:

நானா, பறக்கா நல்ல உதாரணம், ஆனால் அது பணம் உள்ள வீட்டுக் கதை. ஒப்பந்தம் போட்டபோதே 20 பில்லியன் டொலர், முடியும்போது அதையும் தாண்டிவிட்டது. நம் நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு. பன்னாட்டு நாணய நிதியம் நாலு வருடத்துக்கு என்று பிரித்துப் பிரித்துத் தருவதே மொத்தம் 3 பில்லியன் டொலர் அளவுதான், அதற்கே எத்தனை வரி, எத்தனை நிபந்தனை.

பங்களாதேஷைப் பாருங்கள். ரூப்பூரில் 1200 மெகாவாட் உலை இரண்டு, ரஷ்யா கட்டுகிறது, 12.65 பில்லியன் டொலர், அதில் 90 சதவீதம் ரஷ்யாவிடமே வாங்கிய கடன். முதல் கொங்கிரீட் 2017 நவம்பரில் போட்டார்கள். முதல் எரிபொருளை முறைப்படி கையளித்ததே 2023 ஒக்டோபரில்.

அதைவிடப் பயங்கரம் பிலிப்பைன்ஸ். பட்டான் என்ற இடத்தில் 620 மெகாவாட் உலை, 1984இல் கட்டி முடித்தார்கள், 2 பில்லியன் டொலருக்கு மேல் செலவு, ஊழல் குற்றச்சாட்டு, பக்கத்தில் எரிமலை, ஆட்சி மாற்றம், அதோடு செர்னோபில். ஒரு யூனிட் கரண்ட் கூட அதிலிருந்து மக்களுக்கு வரவில்லை. ஆனால் கடனை மட்டும் 2007 வரை அந்த மக்கள் கட்டினார்கள். நான் வங்கியில் வேலை செய்பவன், கதிர்வீச்சுக்கு எனக்குப் பயம் இல்லை வாசன் சேர், இந்த மாதிரிக் கடன் பத்திரத்துக்குத்தான் பயம். பணக்கார நாட்டிலேயே இழுத்தடிக்கிறது, பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலை 2005இல் தொடங்கி 2023இல்தான் முழுதாக ஓடியது.

—

மின்கம்பி:

கணக்கேடு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பணத்துக்கு முன்னாலேயே இன்னொரு தடை இருக்கிறது, அதை யாரும் இங்கே தொடவில்லை. நான் மின் பொறியியலாளன், என் வேலையே மின்கட்டமைப்பு. நம் நாட்டின் உச்சத் தேவை இரவில் 3000 மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு, ஞாயிற்றுக்கிழமை பகலில் அது மிகவும் கீழே இறங்கிவிடும். ஒரு கட்டமைப்பில் எந்தத் தனி எந்திரமும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது துறையில் எல்லோரும் சொல்கிற பொது விதி. 1000 மெகாவாட் உலையை இங்கே வைப்பது சின்ன வள்ளத்தில் ட்ரோலர் எஞ்சினைப் பூட்டுவது போல. அது திடீரென்று நின்றால் நாடு முழுக்க இருட்டு. நுரைச்சோலையின் 300 மெகாவாட்டே நமக்குப் பெரிய சுமை.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடு முழுவதும் மின்சாரம் போனது. எல்லோரும் குரங்கைப் பேசினார்கள். நடந்தது என்னவென்றால், விடுமுறை நாள், தேவை குறைவு, வெயில் நல்ல வெயில், கூரைச் சோலார் நிறைய உள்ளே வந்துகொண்டிருந்தது, அதனால் சுழல்கிற கனமான எந்திரங்கள் கொஞ்சம்தான் ஓடின. கனமான எந்திரம் சுழன்றுகொண்டிருந்தால் ஒரு அதிர்ச்சி வரும்போது அதன் வேகம் சட்டென்று விழாது, அந்தச் சில விநாடிக்குள் மற்றவை ஈடு கொடுத்துவிடும். அன்றைக்கு அந்தப் பலம் இல்லை. நுரைச்சோலை மூன்றும் கழன்றன, அவற்றை மறுபடி ஏற்ற நாட்கள் எடுத்தன, அதுவரை முறை வைத்து மின்வெட்டு.

ஆகவே சோலார் மட்டும் போதும் என்பவர்களுக்கும் இதுதான் என் பதில், பெரிய அணு உலை வேண்டும் என்பவர்களுக்கும் இதேதான். நமக்குச் சரிப்பட்டு வரக்கூடியது 100 முதல் 300 மெகாவாட் வரையான சிறிய உலைகள். ரஷ்யா பெவெக் துறைமுகத்தில் 35 மெகாவாட் உலை இரண்டைக் கப்பலில் வைத்து 2020 முதல் ஓட்டுகிறது. சீனாவில் ஷிதாவோ விரிகுடாவில் வாயுவால் குளிர்விக்கும் 200 மெகாவாட் அளவு நிலையம் 2023 டிசம்பரில் வணிக ரீதியாக இயங்கத் தொடங்கியது. கனடாவில் டார்லிங்டனில் 300 மெகாவாட் சிறிய உலை கட்ட 2025இல் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் யூட்டா திட்டம் செலவு ஏறி 2023 நவம்பரில் கைவிடப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலகம் முழுக்க இது இன்னும் தொடக்க நிலைதான்.

—

நிலாவெளி_ஹோம்ஸ்டே:

அப்படியானால் பற்றரி வாங்கலாமே? விலை இறங்கிக்கொண்டுதானே போகிறது. சம்பூரில் இப்போது 120 மெகாவாட் சோலார் வருகிறது, மன்னாரில் தம்பபவனி காற்றாலை ஏற்கெனவே நிற்கிறது.

—

மின்கம்பி:

வாங்கத்தான் வேண்டும், மாலை நாலு மணிநேரத்துக்கு பற்றரி இப்போதே கட்டுப்படியாகிற பொருள். கூடவே தண்ணீரை மேலே ஏற்றி வைத்து இரவில் இறக்குகிற நீரேற்று நிலையத்துக்கும் 600 மெகாவாட் அளவில் மகா ஓயாவில் திட்டம் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், கார்த்திகை மார்கழியில் ஒரு வாரம் மோடம் கட்டி நின்றால் என்ன செய்வது? காற்று தென்மேற்குப் பருவத்தில் நன்றாக வீசும், இடைப்பட்ட மாதங்களில் விழுந்துவிடும். ஒரு வாரத்துக்கான மின்சாரத்தை பற்றரியில் சேமிப்பது இன்றைய விலையில் யாருக்கும் முடியாது. அந்த இடைவெளியை இப்போது நிலக்கரியும் டீசலும்தான் நிரப்புகின்றன. வாசன் சொல்கிற அணு அந்த இடத்துக்குத்தான் பொருந்தும், சோலாரின் இடத்துக்கு இல்லை.

—

புல்மோட்டை_மணல்:

ஒரு கேள்வி. எங்கள் ஊர்க் கனிய மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோனோடு மொனசைட்டும் இருக்கிறது, அதற்குள் தோரியம் இருக்கிறது என்று அப்பா காலத்திலிருந்தே பேசுவார்கள். தோரியத்தில் உலை ஓட்டலாம் என்று யூடியூப்பில் நிறையப் பேர் சொல்கிறார்கள். அப்படியானால் எரிபொருள் நம் கடற்கரையிலேயே இருக்கிறதே, ஏன் வெளிநாட்டிடம் வாங்க வேண்டும்? இன்னொன்று, அந்த மணலில் வேலை செய்கிறவர்களுக்குப் புற்றுநோய் வரும் என்றும் ஒரு பேச்சு, அது உண்மையா?

—

உவர்மலை_வாசன்:

நல்ல கேள்வி, இது நம் மாவட்டத்துச் சொத்து என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தோரியத்துக்கும் நமக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. தோரியனைட் என்ற கனிமத்தை உலகத்தில் முதலில் கண்டெடுத்தது இலங்கையில்தான், 1904இல், கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிறகு கலை வரலாற்று அறிஞராக உலகம் அறிந்த அதே ஆனந்த குமாரசுவாமிதான், அப்போது இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார்.

ஆனால் தோரியத்தை நேரே உலையில் போட்டால் எரியாது. அது நியூட்ரான் ஒன்றை விழுங்கிப் படிப்படியாக யுரேனியம் 233 ஆக மாற வேண்டும், அதுதான் பிளவுபடும். அதற்கு முதலில் வேறு எரிபொருளால் ஓடுகிற உலை வேண்டும், பிறகு கடும் கதிர்வீச்சு உள்ள பொருளைப் பிரித்தெடுக்கிற ஆலை வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மலை மலையாக மொனசைட் வைத்திருக்கிற இந்தியா 1950களிலிருந்து இதற்குத் திட்டம் போட்டு வருகிறது, யுரேனியம் 233இல் ஓடுகிற காமினி என்ற சின்ன ஆராய்ச்சி உலை கல்பாக்கத்தில் இருக்கிறது, அதன் வலு 30 கிலோவாட்தான். அந்தத் திட்டத்தின் இரண்டாம் படி 500 மெகாவாட் வேக ஈனுலை, அதாவது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்குகிற உலை, அதன் மையத்தை நிரப்பும் பணியையே 2024 மார்ச்சில்தான் தொடங்கினார்கள். அவர்களுக்கே இத்தனை காலம் என்றால் நாம் தோரியத்தை நம்பி உட்கார முடியாது. யுரேனியம் எரிபொருளை வாங்கத்தான் வேண்டும், ஆனால் அணுமின்சாரத்தின் செலவில் எரிபொருளின் பங்கு சிறியது, இரண்டு வருடத்துக்கானதை ஒரு கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்க் கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் காசுக்குக் காத்து நின்ற நாட்களைப் பார்த்த நாட்டுக்கு இது சின்ன விஷயமா?

சேர்க்கோனில் வேறொரு வாய்ப்பு இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் சேர்க்கோனியம் உலோகத்தில்தான் உலக உலைகளில் பெரும்பாலானவற்றின் எரிபொருள் குழாய்களைச் செய்கிறார்கள், அதோடு கலந்தே வரும் ஹாஃப்னியம் என்ற உலோகத்தை நீக்கிச் சுத்தம் செய்த பிறகு. நாம் மணலை மணலாகவே ஏற்றி அனுப்புகிறோம். புல்மோட்டையில் ஒரு பதப்படுத்தும் ஆலைக்காவது இந்த மாவட்டம் குரல் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

புற்றுநோய்க் கேள்விக்கு. கேரளத்தில் கருநாகப்பள்ளி, சவறா கரையோரத்தில் மொனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களை விடப் பல மடங்கு அதிகம், தலைமுறை தலைமுறையாக மக்கள் அதன் மேலேயே வாழ்கிறார்கள். அங்கே ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது, கூடுதல் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அதற்காக ஆலைக்குள் மூக்கை மூடாமல் தூசியைச் சுவாசிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தூசி உள்ளே போவது வேறு, மணல் மேல் நடப்பது வேறு. முகக்கவசம் கட்டாயம்.

—

சம்பூர்_மகள்:

எல்லாவற்றையும் வாசித்தேன். வாசன் அண்ணா, உங்கள் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்கப் போவது வேறு.

2006இல் எங்கள் ஊர் முழுக்க ஓடியது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தோம், நான் அங்கேதான் பள்ளிக்கூடம் போனேன். சண்டை முடிந்த பிறகும் திரும்ப விடவில்லை, காணி வேறு தேவைக்கு என்றார்கள், எங்கள் தென்னையும் கிணறும் வேலிக்கு அப்பால் இருந்தன. 2015இல்தான் காலடி வைக்க முடிந்தது. அம்மம்மா முகாமிலேயே போய்விட்டா. இதில் ஒரு கட்டத்திலாவது யாரும் வந்து உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கவில்லை.

அதனால் அணு உலை சுத்தமா என்பதற்கு முன்னால் எனக்கு மூன்று கேள்வி. சுற்றி எவ்வளவு காணி எடுப்பார்கள்? விபத்து என்றால் எத்தனை ஊர் எழும்ப வேண்டும்? கழிவை எங்கே வைப்பார்கள், யார் பார்த்துக்கொள்வது? ‘ஆபத்து இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நிறையக் கேட்டுவிட்டோம்.

—

உவர்மலை_வாசன்:

தங்கச்சி, வரிசையாகவே சொல்கிறேன்.

காணி. இந்தியாவில் பெரிய உலைகளைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டருக்குக் குடியிருப்பே இல்லாத வலயம் வைத்தார்கள். சிறிய உலைக்கு இதைவிடக் குறைவாகப் போதும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், ஆனால் அதை ஒழுங்குபடுத்தும் அமைப்பு தீர்மானிக்க வேண்டும், விற்கிறவர் தீர்மானிக்கக்கூடாது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தால் இங்கே ஊக்குவிக்கிற சபையையும் ஒழுங்குபடுத்துகிற பேரவையையும் தனித்தனியாகப் பிரித்தார்கள், அது நல்ல அடிப்படை. அந்தப் பேரவைக்கு ஆளும் பணமும் பல்லும் கொடுத்த பிறகே உலை பற்றிப் பேச வேண்டும்.

வெளியேற்றம். இதில் புகுஷிமா சொல்லும் பாடத்தை நம் ஊர் மாதிரி யாரும் புரிந்துகொள்ள முடியாது. அங்கே கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒரு ஊழியரை. ஆனால் அவசரமாக இடம்பெயர்த்ததால், வைத்தியசாலையிலிருந்து முதியவர்களைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றியதால், மாதக்கணக்கில் தற்காலிகக் குடியிருப்பில் மனம் உடைந்து கிடந்ததால், அந்த மாகாணத்தில் 2000 பேருக்கு மேல் இறந்தார்கள். முகாமில் அம்மம்மாவை இழந்த உங்களுக்கு அது எப்படிப்பட்ட சாவு என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே ஊர்கள் நெருங்கிய இடத்தில் உலை வரவே கூடாது, எங்கே வந்தாலும் வெளியேற்றத் திட்டத்தை ஊர் மக்களே உட்கார்ந்து எழுத வேண்டும், எந்த வீதி, எந்த பஸ், நோயாளிகள் முதலில் எங்கே என்பது வரை.

கழிவு. 1000 மெகாவாட் உலை ஆண்டுக்கு 25, 30 டன் எரிந்த எரிபொருளை வெளியே எடுக்கும். முதல் சில ஆண்டு ஆழமான தண்ணீர்த் தொட்டி, பிறகு தடித்த உருக்குக் கொங்கிரீட் பீப்பாய். நுரைச்சோலையின் சாம்பல் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன், அதில் ஆர்சனிக், பாதரசம், ஏன் யுரேனியமும் தோரியமும் கூடக் கொஞ்சம் இருக்கின்றன, திறந்த வெளியில் கிடக்கிறது. அணுக்கழிவின் ஆபத்து அதிகம், ஆனால் அளவு சிறியது, எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பூட்டி வைக்க முடிகிறது. பின்லாந்து ஒன்கலோவில் 430 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்து நிரந்தரக் கிடங்கு கட்டியிருக்கிறது. ரூப்பூருக்கு ரஷ்யா எரிந்த எரிபொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நம் நாடு மாதிரிச் சின்ன நாட்டுக்கு இந்த ஒரு வரி எழுத்தில் இல்லாமல் எந்த ஒப்பந்தமும் வேண்டாம் என்பது என் உறுதியான நிலைப்பாடு.

அப்புறம் கணக்கேடு சொன்ன கடன். அரசு கடன் வாங்கிக் கட்டுவதை நானும் எதிர்ப்பேன். கட்டுகிறவர் தன் பணத்தில் கட்டி, ஓடிய யூனிட்டுக்கு மட்டும் காசு வாங்குகிற முறைதான் நமக்கு, விலை டொலரில் எவ்வளவு என்பது பாராளுமன்றத்தில் வெளிப்படையாக வைக்கப்பட வேண்டும். பட்டான் மக்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை.

—

கணக்கேடு:

அந்த முறையிலும் ஓட்டம் நின்றால் ஈடு, நாணய மாற்று விகிதம் என்று உத்தரவாதம் கேட்பார்கள். கட்டுமானம் தாமதித்தால் அதன் செலவு கட்டுகிறவர் தலையில் என்று எழுதினால் மட்டுமே நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். ஆனால் பேசலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டேன், நேற்று அதற்கும் தயாராக இல்லை.

—

கிண்ணியா_நானா:

தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தையும் மறக்காதீர்கள். கற்பிட்டிக் கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். 1000 மெகாவாட் உலை இரண்டு ஓடுகின்றன, இன்னும் நாலு கட்டுகிறார்கள். நாம் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் பக்கத்தில் அணு உலை இருக்கிறது. விஷயம் தெரிந்த நம் ஆட்கள் நாலு பேராவது இருந்தால்தான் அங்கே ஏதும் நடந்தாலும் இங்கே கதிர்வீச்சை அளந்து சொல்ல முடியும். வாசன் தம்பி, உங்கள் பிள்ளைகளை அந்தப் படிப்புக்கு அனுப்புங்கள்.

—

கொட்டியாரக்கரை:

இடிந்தகரை மீனவர்கள் கூடங்குளத்துக்கு எதிராக எத்தனை காலம் உட்கார்ந்தார்கள் என்பதையும் நானா சொல்லியிருக்கலாம். அவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் பொலிசை அனுப்பியதுதான் அங்கே நடந்த பெரிய பிழை.

குடாவுக்குள் வராது என்று வாசன் எழுதியதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். வெளிக்கடலை ஒட்டி, ஊர் இல்லாத இடத்தில், சின்ன உலை என்றால், தண்ணீர் இழுக்கிற வாயில் என்ன வலை போடுவார்கள், எந்த மாதம் குஞ்சு பொரிக்கிறது என்று எங்களிடம் கேட்டு அந்த மாதத்தில் உலையை எரிபொருள் மாற்ற நிறுத்துவார்களா? ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை நிறுத்தத்தானே வேண்டும் என்று நீங்களே எழுதினீர்கள்.

—

மின்கம்பி:

அண்ணை, எரிபொருள் மாற்றுகிற மாதத்தை முன்கூட்டியே திட்டமிடுவார்கள், மழை பெய்து நீர்மின்சாரம் நிறைந்திருக்கிற மாதத்தில் வைப்பதுதான் எங்களுக்கும் வசதி. ஒன்றரை வருடச் சுழற்சி என்பதால் எல்லா ஆண்டும் ஒரே மாதத்தில் வராது, ஒரு வருடச் சுழற்சியாகவும் ஓட்டலாம், எரிபொருள் செலவு கொஞ்சம் கூடும். உள்ளிழுக்கும் வேகத்தை விநாடிக்கு 15 சென்ரிமீட்டர் அளவில் வைத்தால் பெரும்பாலான மீன் நீந்தித் தப்பிவிடும், முட்டைக்கும் குஞ்சுக்கும் நுண்வலை வேண்டும். எந்த மாதம், எந்த ஆழத்தில் என்ன பொரிக்கிறது என்பது உங்களிடம்தான் இருக்கிறது, நீங்கள் எழுதித் தந்தால் நான் அதைக் கட்டமைப்புத் தேவையோடு பொருத்திப் பார்க்கிறேன்.

—

கொட்டியாரக்கரை:

வருகிற கிழமை சங்கத்தில் கேட்டு எழுதுகிறேன். இறாலுக்கும் சூடைக்கும் முதலில்.